கரும்பித்தமும் மேதைமையும்: மறுமலர்ச்சிக் காலம் கிரேக்க மருத்துவத்தைப் படித்த விதம்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தில் பழைய கிரேக்க மருத்துவ நூல்கள் மீட்டெடுக்கப்பட்டதால்தான் ‘மெலன்கோலியா’ என்னும் மனத்துயர் நோய் மேதைகளின் அடையாளமாக உயர்ந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியா என்பது கேள்வி. பாதி சரி என்பேன். மெலன்கோலியாவை மேதைமையோடு இணைத்த கிரேக்க நூல் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் அது மருத்துவ நூல் அல்ல, மீட்டெடுக்கும் அளவுக்கு அது தொலைந்துபோகவும் இல்லை. உண்மையிலேயே மீட்டெடுக்கப்பட்ட மருத்துவ நூல்களோ மெலன்கோலியாவைக் கடைசிவரை நோயாகவே பேசின. அந்தக் காலத்து அறிஞர்கள் இந்த இரண்டையும், இவற்றுக்கு இடையில் சில நூற்றாண்டுகள் உழைத்திருந்த அரபு மருத்துவத்தையும் சேர்த்தே படித்தார்கள். வெளியில் அரபு மருத்துவர்களைத் திட்டியவர்களும் அவர்களை விட்டுவிட்டுப் படிக்கவில்லை.

முதலில் கிரேக்கர்கள் சொன்னதைப் பார்த்துவிடலாம். பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் தொகுக்கப்பட்ட நூல்களுள் ஒன்றான ‘மனிதனின் இயல்பு’, அவருடைய மருமகன் பாலிபஸ் எழுதியதாகக் கருதப்படுவது, உடலில் இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்மங்கள் இருப்பதாகவும், அவை அளவோடு கலந்திருப்பதே உடல்நலம் என்றும் கூறுகிறது. நம் சித்த மருத்துவத்தின் பித்தத்தை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். கரும்பித்தம் குளிர்ந்தது, வறண்டது, இலையுதிர்காலத்தில் மிகுவது, மண்ணீரலைச் சார்ந்தது. ‘மெலன்கோலியா’ என்னும் கிரேக்கச் சொல்லின் பொருளே இந்தக் கரும்பித்தம்தான். அச்சமும் சோர்வும் நெடுநாள் நீடித்தால் அது கரும்பித்த நோய் என்று ஹிப்போகிரட்டீஸின் மணிமொழிகளில் ஒன்று சொல்கிறது. நோயின் இலக்கணம் என்று பிற்காலம் முழுவதும் ஏற்றுக்கொண்டது ஏறத்தாழ இந்த ஒரு வரியைத்தான்.

இதை ஒரு முறையான மருத்துவமாக விரித்தவர் பெர்கமோனில் கி.பி. 129இல் பிறந்த கேலன். நோய் தாக்கும் உறுப்புகளைப் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் அவர் மெலன்கோலியாவை மூன்றாகப் பிரிக்கிறார்: மூளையில் மட்டும் கரும்பித்தம் தேங்குவது, உடல் முழுவதும் உள்ள இரத்தமே கருத்துப்போவது, வயிற்றின் மேற்பகுதியில் தொடங்கி அங்கிருந்து புகைபோல் மேலெழுந்து மூளையைத் தாக்குவது. இந்தப் பிரிவினை வெறும் வகைப்பாட்டு ஆசையால் வந்தது அல்ல. சிகிச்சை அதைப் பொறுத்து மாறியது. உடல் முழுவதும் இரத்தம் கெட்டிருக்கிறதா என்று அறிய முழங்கையில் இரத்தக் குழாயைக் கீறி, வரும் இரத்தத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். அது கருப்பாக இல்லையென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். மூளை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் இரத்தம் எடுப்பதே தேவையில்லை. குளியலும் ஈரப்பதமான உணவும் போதும். வெள்ளாட்டிறைச்சி, மாட்டிறைச்சி, நத்தை, முட்டைக்கோஸ், பருப்பு, பழைய பாலாடைக்கட்டி, அடர்ந்த கருநிற ஒயின் ஆகியவை கரும்பித்தத்தைப் பெருக்குவன என்று அவர் தரும் பட்டியலில் ஒட்டகமும் கழுதையும் நரியும்கூட வருகின்றன.

அதே இடத்தில் கேலன் சில நோயாளிகளையும் காட்டுகிறார். ஒருவன் தன் உடல் மண்ணோட்டால் ஆனது என்று நம்பி, யாராவது மோதி உடைத்துவிடுவார்கள் என்று எதிரே வருபவர்களைக் கண்டு ஒதுங்கி நடப்பான். இன்னொருவன் சேவல் கூவுவதைக் கேட்டால், அது இறக்கையை அடிப்பதுபோலத் தன் கைகளை விலாவில் அடித்துக்கொண்டு கூவுவான். வேறொருவனுக்கு, வானத்தைச் சுமக்கும் அட்லஸ் களைத்துப்போய் அதைக் கீழே போட்டுவிடுவானோ என்று பயம். இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் அச்சத்துக்குக் கேலன் தரும் காரணம், வெளியே இருள் சூழ்ந்தால் பெரும்பாலானோர் அஞ்சுவதுபோல, உள்ளே கரும்பித்தத்தின் கருமை சிந்தனையின் இருப்பிடத்தை மூடுகிறது என்பதே. உள்ளே இருக்கும் ஒரு நீர்மத்தின் நிறத்தை மூளை எப்படிக் காணும் என்று பின்னாளில் அரபியில் எழுதிய தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கேலனைக் காப்பாற்றுவது 16ஆம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கு ஒரு கடமையாகவே ஆகிவிட்டது.

மேதைமை பேசும் வாசகம் முற்றிலும் வேறொரு இடத்திலிருந்து வருகிறது. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ‘சிக்கல்கள்’ என்னும் வினாவிடைத் தொகுப்பின் முப்பதாம் பகுதியின் முதல் வினா, தத்துவத்திலும் அரசியலிலும் கவிதையிலும் கலைகளிலும் தலைசிறந்தவர்கள் எல்லாரும் ஏன் கரும்பித்த இயல்பினராக இருக்கிறார்கள் என்று கேட்கிறது. ஹெரக்ளீஸ், அஜாக்ஸ், எம்பெடோக்ளீஸ், சாக்ரடீஸ், பிளேட்டோ என்று பெயர்களையும் அடுக்குகிறது. இதை எழுதியவர் அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸாக இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. கரும்பித்தம் மதுவைப் போன்றது என்பது அதன் வாதம்: அளவுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஒருவனை மந்தமாக்கும், பேச வைக்கும், வெறிகொள்ள வைக்கும். குளிர்ந்தால் சோர்வு, சூடேறினால் கிளர்ச்சி, நடுநிலையில் நின்றால் அசாதாரணமான அறிவு.

இதற்கு எதிர்த்திசையில் சொன்னவர் எபேசஸ் நகர மருத்துவர் ரூஃபஸ். கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த அவர் மெலன்கோலியாவைப் பற்றி இரண்டு பகுதிகளில் ஒரு நூல் எழுதினார். கேலனே அதைத் தம் காலத்து நூல்களில் சிறந்தது என்று புகழ்ந்திருக்கிறார். அது முழுமையாகக் கிடைக்கவில்லை, மேற்கோள்களாகவே எஞ்சியிருக்கிறது. கூர்மையான அறிவுடையவர்கள் அளவுகடந்து சிந்திப்பதால் கரும்பித்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்பது அவருடைய கருத்து. ‘சிக்கல்கள்’ நூலில் கரும்பித்தம் அறிவைத் தருகிறது. ரூஃபஸிடம் அறிவு கரும்பித்தத்தைத் தருகிறது. காரணமும் விளைவும் இடம் மாறிய இந்த இரண்டு கூற்றுகளையும் ஒன்றாகக் குழைத்ததில்தான் மறுமலர்ச்சிக் காலத்தின் பெரும்பகுதிக் குழப்பமும், அதன் அழகும், தொடங்குகின்றன.

இவை எதுவும் 15ஆம் நூற்றாண்டில் புதையலாகக் கிடைத்தவை அல்ல. ரூஃபஸின் கருத்துகளைக் வட ஆப்பிரிக்காவின் கைரவானில் இருந்த மருத்துவர் இஸ்ஹாக் இப்னு இம்ரான் அரபியில் தம் நூலில் எடுத்தாண்டார். அந்த நூலை அடிப்படையாகக் கொண்டு 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மான்டே காசினோ மடத்தில் ஆப்பிரிக்காவின் கான்ஸ்டன்டைன் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். ‘சிக்கல்கள்’ 13ஆம் நூற்றாண்டிலேயே மெசினாவின் பார்த்தலோமியோவால் லத்தீனாக்கப்பட்டது. 1310இல் பியெத்ரோ தபானோ அதற்கு உரை எழுதினார். சனிக்கோளையும் கரும்பித்தத்தையும் இணைத்ததோ அரபு சோதிட மரபு. நான்கு நீர்மங்களில் எது எரிந்து கருகினாலும் ஒரு கெட்ட கரும்பித்தம் உண்டாகும், எது கருகியதோ அதற்கேற்ப நோயாளி சிரிப்பான், சினப்பான், மந்தமாகக் கிடப்பான் என்று, கேலனிடம் விதையாக மட்டுமே இருந்த கருத்தை முழுக் கோட்பாடாக வளர்த்தவர் அரபியில் எழுதிய மருத்துவ அறிஞர் இப்னு சீனா. மாறாத ஒரே நோய் ஒருவரைச் சிரிக்கவும் இன்னொருவரைச் சினக்கவும் வைப்பது எப்படி என்ற கேள்விக்கு இதைவிட வசதியான பதில் அன்று வேறெவரிடமும் இல்லை.

பிறகு மறுமலர்ச்சிக் காலத்தில் புதிதாக வந்தது என்ன? மூல மொழி. ஃபெராராவில் இருந்த நிக்கோலோ லியோனிச்சேனோ கிரேக்க மருத்துவச் சுவடிகளைப் பெரும் முயற்சியோடு சேர்த்தவர். 1492இல் பண்டைய ரோமானிய நூலாசிரியர் பிளினியின் மருத்துவப் பிழைகளைத் தாக்கி எழுதியதன் மூலம், ஒரு செடியின் பெயரைத் தவறாகப் புரிந்துகொள்வது நோயாளியின் உயிரோடு விளையாடுவது என்பதை மொழியறிஞர்களுக்கு உறைக்கவைத்தார். 1513இல் பாரிசில் கியோம் கோப், நோய் தாக்கும் உறுப்புகள் பற்றிய கேலனின் நூலை, அதாவது மெலன்கோலியா பற்றிய அந்த அடிப்படையான பகுதியைக் கொண்டதை, கிரேக்கத்திலிருந்து புதிதாக லத்தீனில் தந்தார். லண்டனில் 1518இல் மருத்துவர் கல்லூரியை நிறுவிய தாமஸ் லினாக்கரும் கேலனை மொழிபெயர்த்தவரே. 1525இல் வெனிசில் ஆல்டஸ் அச்சகம் கேலனின் கிரேக்க மூலத்தை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. ஹிப்போகிரட்டீஸின் கிரேக்க மூலம் அடுத்த ஆண்டே வந்தது. அந்த நூற்றாண்டில் மட்டும் கேலனின் நூல்கள் ஏறத்தாழ 600 பதிப்புகள் கண்டன.

மூலத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அரபு வழியே வந்த எதுவும் கலப்படமாகத் தோன்றியது. ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் இதில் மிகக் கடுமையானவர். ஆனால் இந்தக் கோபத்தை அப்படியே நம்பி அவர்களுடைய மருந்துச் சீட்டைப் படித்தால் ஏமாந்துபோவோம். இப்னு சீனாவின் மருத்துவ நூல் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பாடமாகத் தொடர்ந்தது. கருகிய பித்தக் கோட்பாடு இல்லாமல் மெலன்கோலியாவைப் பற்றிப் பேச ஒருவராலும் முடியவில்லை. பித்தத்தை மெல்லக் கழிக்கும் மருந்தாக எல்லாரும் எழுதியவற்றுள் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகியவையும் அடக்கம். இந்தியாவிலிருந்து சென்று அரபு மருத்துவம் பரப்பிய காய்கள் இவை. கோவாவில் 1563இல் தம் நூலை அச்சிட்ட கார்சியா த ஓர்த்தா இந்தக் காய்களுக்கென்றே ஓர் உரையாடலை ஒதுக்கினார். அரபு மருத்துவர்களை இழித்துப் பேசும் ஐரோப்பிய வழக்கம் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காய் காய்க்கும் ஊரில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது பிடிக்காமல் போனதில் வியப்பும் இல்லை.

இந்த இடத்தில் மார்சிலியோ ஃபிச்சினோவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மேதைமைக் கதையின் உண்மையான ஆசிரியர் அவர்தான். மருத்துவர் ஒருவரின் மகனாக 1433இல் ஃபிளாரன்சுக்கு அருகே பிறந்து, பிளேட்டோவை முழுமையாக லத்தீனில் தந்த அவருடைய சாதகத்தில் சனி கும்பத்தில், இலக்கினத்தில் இருந்தது. ஏழரைச் சனியை அறிந்த தமிழ் வாசகருக்கு அவருடைய புலம்பல் அந்நியமாகத் தோன்றாது. தம் துயர இயல்புக்குச் சனியே காரணம் என்று நண்பர் ஜியோவானி கவல்கான்திக்கு அவர் எழுத, சனியைக் குறை சொல்லாதே, உன் அறிவும் அங்கிருந்து வந்ததுதானே என்று நண்பர் கடிந்துகொள்கிறார். அதற்கு ஃபிச்சினோ ஏறத்தாழ ஒரு சமரசத்துக்கு வருகிறார்: இந்த இயல்பு சனியிடமிருந்து வருவது இல்லை என்றால், இது தனித்துவமான தெய்வக் கொடை என்று அரிஸ்டாட்டிலோடு சேர்ந்து நானும் சொல்வேன்.

அந்தத் தனிப்பட்ட சமரசம் 1489இல் வெளிவந்த ‘வாழ்க்கை பற்றிய மூன்று நூல்கள்’ என்னும் அவருடைய படைப்பில் ஒரு மருத்துவக் கோட்பாடாக விரிந்தது. படிப்பாளிகளின் உடல்நலத்துக்கென்றே எழுதப்பட்டது அதன் முதல் நூல். படிப்பாளி ஏன் கரும்பித்தத்துக்கு ஆளாகிறான் என்பதற்கு அங்கே மூன்று வகைக் காரணங்கள் உள்ளன. கல்விக்குரிய கோள்களான புதனும் சனியும் குளிர்ந்து வறண்டவை என்பது வானக் காரணம். சிந்திக்கும் உயிர் வெளியிலிருந்து உள்நோக்கி, மையத்தை நோக்கிக் குவிய வேண்டியிருக்கிறது, கரும்பித்தமோ மண்ணின் மையத்தை ஒத்தது என்பது இயற்கைக் காரணம். இடைவிடாத சிந்தனை மூளையை உலர்த்துகிறது, உடலை அசையாமல் வைத்திருக்கிறது, கழிவுகளைத் தேக்குகிறது என்பது மனிதக் காரணம். மூன்றாவது காரணத்தில் ரூஃபஸின் குரல் அப்படியே கேட்கிறது. ஆனால் அடுத்த அத்தியாயத்திலேயே ‘சிக்கல்கள்’ வந்துவிடுகிறது: கருகிய பித்தம் கெடுதல், ஆனால் இயற்கையான கரும்பித்தம் சரியான அளவில் கலந்தால் அதுவே மேதைமை. அளவையும் அவர் கொடுக்கிறார்: இரத்தம் எட்டுப் பங்கு, மஞ்சள் பித்தம் இரண்டு பங்கு, கரும்பித்தம் இரண்டு பங்கு. அரிஸ்டாட்டிலின் பெயரில் வந்த நூலில் இப்படி ஒரு கணக்குக் கிடையாது. ஒரு தத்துவக் கூற்றை மருந்துக்கடைச் சீட்டாக மாற்றிய துணிச்சல் ஃபிச்சினோவுடையது.

அறிவுரைகள் மிக நடைமுறையானவை. காமம், மிகையான உணவும் மதுவும், இரவு விழித்துப் படித்துவிட்டுக் காலையில் உறங்குவது ஆகியவை படிப்பாளியின் பகைவர்கள். சூரியன் எழும்போது எழ வேண்டும், தோட்டங்களிலும் நீர்நிலைகளின் ஓரத்திலும் உலாவ வேண்டும், பசுமையைப் பார்க்க வேண்டும், யாழ் மீட்ட வேண்டும். கடுக்காய் முதலிய காய்களை அவரும் மனமாரப் பரிந்துரைக்கிறார். மூன்றாம் நூல் கோள்களின் ஆற்றலைக் கற்கள், மணங்கள், பாடல்கள் வழியாக ஈர்ப்பது எப்படி என்று போகிறது. பாதிரியாராக இருந்த ஒருவர் எழுதியதாகையால் அதற்குச் சில தற்காப்புக் கடிதங்களும் தேவைப்பட்டன. என் பார்வையில், பிளேட்டோ சொன்ன தெய்வ வெறி, அரிஸ்டாட்டில் பெயரில் வந்த கரும்பித்தம், அரபு சோதிடத்தின் சனி ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சில் போட்ட இந்த நூல்தான் பின்னாளில் ‘கிரேக்க மெலன்கோலியா’ என்று பலரும் எண்ணிக்கொண்டது. கிரேக்கர் எவரும் இந்த முடிச்சைப் போட்டதில்லை.

ஃபிச்சினோவின் செல்வாக்கைக் காட்ட எல்லாரும் எடுத்துவைப்பது ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் 1514ஆம் ஆண்டுச் செதுக்கோவியம். சிறகுள்ள பெண், இருண்ட முகம், கன்னத்தில் கை, சுற்றிலும் பயன்படுத்தப்படாத கருவிகள், எந்த வரிசையைக் கூட்டினாலும் 34 வரும் எண் சதுரம். அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால் விட்டுவிடுகிறேன். அவள் தலையில் இருக்கும் வளையம் ஈர நிலத்துச் செடிகளால் ஆனது, கரும்பித்தத்தின் வறட்சிக்கு மாற்றாக வைக்கப்பட்டது என்பதை மட்டும் குறிப்பிட வேண்டும். தத்துவப் படமாக எவ்வளவு விளக்கினாலும் அதில் ஒரு மருத்துவக் குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது பிரெமன் நகரில் உள்ள ஒரு சிறு வரைபடம். அதில் டியூரர் தம்மையே இடுப்புவரை ஆடையின்றி வரைந்து, வயிற்றின் இடப்பக்கத்தில் ஒரு மஞ்சள் வட்டமிட்டு, அதை விரலால் சுட்டிக்காட்டுகிறார். மஞ்சள் புள்ளி இருக்கும் இடத்தில், விரல் காட்டும் இடத்தில் எனக்கு வலிக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறார். அது மண்ணீரல் இருக்கும் இடம். தொலைவில் இருந்த ஒரு மருத்துவருக்கு அனுப்புவதற்காக வரைந்தது என்று கருதப்படுகிறது. மேதைமைக் கோட்பாடு தெரிந்த ஒருவருக்கும் நோய் என்று வந்தால் கேலனின் உடல்தான் வலித்தது.

மருத்துவர்களின் நூல்களிலும் நிலைமை இதுவே. பிரான்சின் ஆந்த்ரே து லோரன்ஸ் 1594இல் மெலன்கோலியா நோய்களைப் பற்றி எழுதியபோது, காய்ச்சல் இல்லாமல், வெளிப்படையான காரணமில்லாத அச்சமும் சோர்வும் துணைவர, அறிவு திரிவதே இந்நோய் என்று இலக்கணம் தந்தார். கேலனின் மூன்று வகைகளையும் அப்படியே வைத்தார். அரிஸ்டாட்டிலின் மேதைகளுக்கு மரியாதையாக ஓர் இடம் ஒதுக்கிவிட்டு நோயாளிகளிடம் போய்விடுகிறார். அவர் சொல்லும் ஒரு கதையில், தான் சிறுநீர் கழித்தால் சியன்னா நகரமே மூழ்கிவிடும் என்று நம்பி அடக்கிக்கொண்டிருந்த ஒருவனிடம், பக்கத்து வீட்டுக்குத் தீ வைத்து, மணிகளை அடித்து, ஊரைக் காப்பாற்ற நீதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கெஞ்ச, அவன் இணங்கிப் பிழைத்தான்.

கேலனின் மண்ணோட்டு மனிதனுக்கும் இந்தக் காலத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தது. அவன் கண்ணாடி மனிதனாகிவிட்டான். பிரெஞ்சு மன்னன் ஆறாம் சார்லஸ் தன்னைக் கண்ணாடி என்று நம்பியதாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல்களில் இப்படிப்பட்டவர்கள் பெருகுகிறார்கள், செர்வாண்டஸ் 1613இல் ஒரு கண்ணாடி மனிதனைக் கதையாகவே எழுதினார். நூலிலிருந்து நோயாளிக்குப் போனதா, நோயாளியிடமிருந்து நூலுக்கு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத வகையில் பழைய நூல் உள்வாங்கப்பட்டது.

விளையாட்டாக இல்லாத ஓர் இடமும் உண்டு. 1563இல் பாசல் நகரில் அச்சான நூலில் மருத்துவர் யோஹான் வையர், சூனியக்காரிகள் என்று எரிக்கப்படும் கிழவிகளில் பலர் கரும்பித்த நோயாளிகள், அவர்கள் ஒப்புக்கொள்ளும் குற்றங்கள் நோயின் கற்பனைகள் என்று வாதிட்டார். கேலனின் சேவல் மனிதன் சேவல் இல்லையென்றால், பேயோடு பறந்தேன் என்பவளும் பறக்கவில்லை என்பதே இதன் தருக்கம். 1580இல் சட்ட அறிஞர் ழான் போதேன் அதே கிரேக்க நூல்களை எடுத்துக்கொண்டு மறுத்தார்: ஹிப்போகிரட்டீஸும் கேலனும் சொல்வதுபடி பெண்ணின் உடல் குளிர்ந்து ஈரமானது, வறண்ட கரும்பித்தம் அதில் எப்படி மிகும், அதோடு, கரும்பித்தம் மனிதரை அறிவாளியாக்கும் என்று முன்னோர் சொல்லியிருக்க, இந்தப் பெண்களை அப்படிச் சொல்லலாமா? மேதைமையைப் புகழ்ந்த வாசகம் இங்கே ஒரு கிழவிக்கு நோயாளி என்னும் கடைசிப் பாதுகாப்பையும் மறுக்கப் பயன்பட்டது. இந்த வரலாற்றைக் கலைஞர்களின் கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

எல்லா ஓடைகளும் வந்து சேரும் இடம் ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் பர்ட்டன் 1621இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சிட்ட மெலன்கோலியாவின் உடற்கூறு பற்றிய பெருநூல். ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் போலிக் கடிதங்களில், எதைக் கண்டாலும் சிரிக்கும் கிரேக்கத் தத்துவஞானி டெமாக்ரிட்டஸைப் பைத்தியம் என்று எண்ணி அப்டெரா நகரத்தார் மருத்துவரை அழைக்க, அவர் வந்து பார்க்கும்போது டெமாக்ரிட்டஸ் மரத்தடியில் விலங்குகளை அறுத்துப் பித்தத்தின் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். பைத்தியம் ஊரார்தான் என்று மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பர்ட்டன் தம்மை ‘இளைய டெமாக்ரிட்டஸ்’ என்று அழைத்துக்கொண்டார். 1628இல் வந்த மூன்றாம் பதிப்பின் முகப்புப் படத்தில் மேலே மரத்தடியில் டெமாக்ரிட்டஸ், அவருக்கு மேலே வானத்தில் சனியின் குறி, கீழே போரேஜ் என்னும் நீலப்பூச் செடியும் கிரேக்கர்களின் பேதி மருந்தான ஹெல்லிபோரும்.

கரும்பித்தத்தை உடலில் கண்டுபிடித்தவர் யாருமில்லை. 1672இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் அதை ஒதுக்கிவிட்டு, மூளையில் ஓடும் நுண்ணிய ஆவிகள் அமிலத்தன்மை அடைவதே நோயின் காரணம் என்று வேதியியல் மொழியில் எழுதினார். ஆயினும் மெலன்கோலியா என்றால் என்ன என்று அவர் தந்த இலக்கணம், காய்ச்சலும் வெறியும் இன்றி அச்சத்தோடும் சோர்வோடும் கூடிய பிதற்றல் என்பதுதான்.